பெரியம்மாவின் சங்கிலியைக் காணோம், முதியோர் இல்லத்தில் யாரைக் கேட்பது?

வாசகர் கேள்வி: என் பெரியம்மாவுக்கு 82 வயது. குழந்தைகள் இல்லை, பெரியப்பாவும் போய்விட்டார். ஒரு வருடமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கொஞ்சம் மறதி உண்டு, ஆனால் எங்களை எல்லாம் நன்றாக அடையாளம் தெரியும். சில மாதங்களுக்கு முன்பு பர்ஸில் பணம் குறைகிறது என்று சொன்னார், நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் கழுத்தில் இருந்த மெல்லிய தங்கச் சங்கிலியைக் காணோம். "குளிப்பாட்ட வந்த பொண்ணு கழட்டினா, திருப்பித் தரல" என்கிறார். மேலாளரோ, "அவங்களுக்கு மறதி, எங்கேயாவது வச்சிருப்பாங்க, நகையை ஏன் இங்க விட்டு வச்சீங்க" என்கிறார். புகார் கொடுத்தால் பெரியம்மாவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயம். ரகசியமாக ஒரு கேமரா வைக்கலாமா? என் தம்பி, இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு என்கிறான். (மாதக் கட்டணத்துக்குப் பிரச்சினை இல்லை, பெரியம்மாவின் ஏடிஎம் கார்டும் பின் நம்பர் எழுதிய சீட்டும் அவர் பர்ஸிலேயே இருக்கும், எங்களில் யார் போகிறோமோ அவர்கள் எடுத்துக் கட்டிவிடுவோம்.) பேசாமல் வேறு இல்லத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்:

சங்கிலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் இன்றே முடித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். ஒன்று, அந்த இல்லத்தின் நடைபாதையில் சிசிடிவி இருந்தால், சங்கிலியைக் கடைசியாகப் பார்த்த நாளிலிருந்து காணோம் என்று தெரிந்த நாள் வரை உள்ள பதிவை அழிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லி மேலாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தக் கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும், சில இடங்களில் ஒரு வாரத்திலேயே பழையது போய்விடும், நீங்கள் ஏற்கெனவே ஒரு வாரத்தைக் கழித்துவிட்டீர்கள். உங்களுக்கு அதைப் போட்டுக் காட்ட மாட்டார்கள், மற்றவர்களும் அதில் இருப்பார்கள் என்பார்கள், அது நியாயம்தான். காட்ட வேண்டாம், வைத்திருக்கட்டும். நாளைக்குப் போலீஸ் கேட்டால் கொடுக்க அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிய அந்த ஏடிஎம் கார்டு. உங்கள் கடிதத்திலேயே எனக்கு ரொம்பக் கவலை தந்த வரி அதுதான். பின் நம்பரை இன்றே மாற்றுங்கள், சீட்டைக் கிழித்துப் போடுங்கள், கடந்த ஒரு வருடத்துக்கான வங்கிக் கணக்கு விவரத்தை வாங்கி ஒரு மாலை உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். இல்லத்துக்குக் கட்டிய தொகை, மருந்துக் கடை, இன்ன செலவு என்று தெரிந்தவற்றை டிக் அடித்துக்கொண்டே வந்தால், யாரும் சொந்தம் கொண்டாடாத தொகைகள் மிஞ்சும். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் நல்லது. மிஞ்சினால், அந்தத் தேதியில் யார் போயிருந்தார்கள் என்று குடும்பத்துக்குள்ளேயும் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நான் உங்கள் தம்பியையோ வேறு யாரையுமோ சொல்லவில்லை. ஒரே கார்டை நாலு பேர் எடுத்து நாலு பேரும் கணக்கு எழுதாமல் இருந்தால், தப்பு நடந்தாலும் தெரியாது, நடக்காவிட்டாலும் யாராலும் நிரூபிக்க முடியாது.

சரி, சங்கிலிக்கு வருவோம்.

பெரியம்மா சொல்வதை நம்புவதா, மேலாளர் சொல்வதை நம்புவதா என்று கேட்கிறீர்கள் போலிருக்கிறது. மறதி நோய் உள்ளவர்கள் பொருளை ஒளித்து வைப்பதும், ஒளித்த இடத்தை மறந்துவிட்டு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்வதும் உண்மையிலேயே நிறைய நடக்கிற விஷயம். அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த அலோய்ஸ் அல்சைமர் 1907-ல் வெளியிட்ட முதல் குறிப்பிலேயே, தன்னிடம் வந்த 51 வயதான பெண் நோயாளி வீட்டுப் பொருட்களை அங்கும் இங்கும் இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைத்தார் என்று எழுதியிருக்கிறார். ஆக மேலாளர் சொல்வது மருத்துவ ரீதியாகப் பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையை அவர் பயன்படுத்துகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மறதி இருக்கிறது என்பது பொருளைத் தேடுவதற்குக் காரணமாக இருக்க வேண்டும், தேடாமல் இருப்பதற்கு அல்ல. இன்னொன்று, எடுக்க நினைக்கிறவன் யாரிடம் எடுப்பான்? சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தவரிடம்தான். "அவங்களுக்கு மறதி" என்ற பதில் ஒரு இல்லத்தில் சுலபமாகக் கிடைக்கிறது என்றால் அந்த இல்லத்தில் மறதி உள்ள எல்லாருடைய பொருளும் காவலில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

பெரியம்மா சொன்ன வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். "கழட்டினா, திருப்பித் தரல." திருடினாள் என்று அவர் சொல்லவே இல்லை. இல்லங்களுக்குள்ளேயே வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், குளிப்பாட்டும்போது சங்கிலியைக் கழற்றுவது சாதாரணம், துண்டில் மாட்டும், சோப்பு நுரை கொக்கியில் சிக்கும், தலை துவட்டும்போது இழுபடும். கழற்றியதை எங்கே வைப்பார்கள்? சோப்புப் பெட்டியின் மேல், ஜன்னல் விளிம்பில், அல்லது உடுப்பின் பையில். நடுவில் பக்கத்து அறையில் யாராவது விழுந்துவிட்டால் ஓடுவார்கள், அப்புறம் ஷிஃப்ட் மாறிவிடும். உடுப்பு சலவைக்குப் போகும். அந்தப் பெண் உண்மையிலேயே எடுத்திருக்கலாம், மறந்திருக்கலாம், ஜன்னல் விளிம்பில் வைத்ததை மூன்றாவது ஆள் எடுத்திருக்கலாம், அறை அறையாக நடந்து கிடைத்ததை எல்லாம் எடுத்துத் தன் தலையணைக்கடியில் சேர்க்கிற இன்னொரு முதியவர் எடுத்திருக்கலாம். இந்தக் கடைசி வகை, மறதி உள்ளவர்கள் சேர்ந்து வாழும் எல்லா இடத்திலும் உண்டு, அதைத் திருட்டு என்று சொல்லவே முடியாது, அவர்களுக்கு அது தன்னுடையதாகவே தெரிகிறது.

அதனால் முதலில் ஒழுங்காகத் தேட வேண்டும். நீங்களும் இல்லத்து ஊழியர் ஒருவரும் சேர்ந்து, பெரியம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடுங்கள், தனியாகத் தேடினால் நாளைக்கு உங்களையே சொல்வார்கள். தலையணை உறைக்குள், மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவில், சுருட்டி வைத்த சாக்ஸுக்குள், செருப்பின் முனையில், டிஷ்யூ பெட்டிக்குள், பல்செட் டப்பாவில், எல்லா உடுப்புகளின் பைகளிலும், கைப்பையின் கிழிந்த லைனிங்குக்குள் பாருங்கள். நகையை டிஷ்யூ காகிதத்தில் பொதிந்து வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, அப்படிப் பொதிந்தது நேராகக் குப்பைக் கூடைக்குத்தான் போகும். சலவை அறையில் கேளுங்கள், துணி எந்திரத்தின் வடிகட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். தேடிய நாள், நேரம், கூட இருந்தவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் மறுநாளே எழுத்தில் புகார். என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம், இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில் என் பெரியம்மாவின் கழுத்தில் சங்கிலி இருந்ததை நான் பார்த்தேன். இன்ன தேதியில் இல்லை. குளிக்கும்போது கழற்றப்பட்டதாகவும் திரும்ப வரவில்லை என்றும் அவர் சொல்கிறார். இன்று உங்கள் ஊழியருடன் சேர்ந்து அறையைத் தேடினோம், கிடைக்கவில்லை. நகையைக் கழற்றும்போது அதைக் குறித்து வைக்கும் முறை உங்களிடம் என்ன, அந்த நாட்களின் குறிப்பு என்ன சொல்கிறது, இதை நீங்கள் எப்படி விசாரிக்கப் போகிறீர்கள் என்று பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்." சங்கிலியின் படம் ஒன்றை இணையுங்கள், அவர் அதைப் போட்டுக்கொண்டிருக்கிற ஏதாவது ஒரு குடும்பப் படம் நிச்சயம் யாருடைய போனிலாவது இருக்கும். அந்தப் பெண்ணின் பெயரை எழுதாதீர்கள், தெரிந்தாலும் எழுதாதீர்கள். இல்லங்களில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு இருப்பவர்கள் அவர்கள்தான், நிர்வாகத்துக்குத் தன் முறைகளைத் திருத்துவதைவிட ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்புவது எளிது. அனுப்பிவிட்டு "நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று உங்களுக்கு ஒரு கடிதம் வரும். சங்கிலி சலவை அறையில் கிடைத்தால் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? பெரியம்மா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவிட்டு, அன்று யார் வேலையில் இருந்தார்கள் என்று கண்டுபிடிப்பதை அவர்களிடம் விடுங்கள்.

"நகையை ஏன் விட்டு வச்சீங்க" என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லத்தில் சேர்க்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். விலை உயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதைக் காட்டினால் நிறையப் பேர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பது அந்தந்த இடத்துச் சட்டத்தைப் பொறுத்தது. எப்படிப் பார்த்தாலும், தொலைந்ததற்குப் பணம் கொடுக்க மாட்டோம் என்பது வேறு, திருட்டை விசாரிக்க மாட்டோம் என்பது வேறு. தன் ஊழியர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், அறைச் சாவி யார் யாரிடம் இருக்கிறது, புகார் வந்தால் என்ன செய்கிறோம் என்பதற்கெல்லாம் அந்த இல்லம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் வரவில்லை அல்லது மழுப்பல் வருகிறது என்றால், அந்த இல்லத்துக்கு உரிமம் கொடுத்த அரசுத் துறைக்கு அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள். போலீஸுக்குப் போக இல்லத்தின் அனுமதி தேவையில்லை, "நாங்களே உள்ளுக்குள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், அவசரப்படாதீர்கள்" என்பார்கள், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். நகை காப்பீட்டில் இருந்தால், பெரும்பாலும் போலீஸில் பதிவு செய்ததற்கான சான்று கேட்பார்கள், அதற்காகவாவது போக வேண்டியிருக்கும்.

பழி தீர்ப்பார்களோ என்ற பயம். இந்தப் பயத்தைத் தேவையில்லாத பயம் என்று நான் சொல்லப்போவதில்லை, அப்படிச் சொல்கிற யாரும் தன் மனிதர் ஒருவரை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு இரவில் படுத்ததில்லை. ஆனால் நடைமுறையில் நான் பார்த்தது என்னவென்றால், அடிக்கடி ஆள் வந்து போகிற முதியவரிடம் யாரும் சுலபமாக வாலாட்டுவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை என்று வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு நாள் காலையில், ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், ஒரு நாள் இரவுப் பணியாளர்கள் வரும் நேரத்தில் போங்கள், குடும்பத்தில் வேறு வேறு ஆட்கள் போங்கள். பார்த்துக்கொள்கிறவர்களின் பெயரைத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நல்லது செய்கிறவர்களைப் பற்றி மேலாளரிடம் எழுத்திலேயே நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். புகார் மட்டும் எழுதுகிற குடும்பம் என்ற பெயர் வராமல் இருக்க அது உதவும், அவர்களுக்கும் அந்தக் கடிதம் வேலையில் பயன்படும். பெரியம்மாவின் உடம்பு, உடுப்பு, பேச்சு, முகம் எதிலாவது மாற்றம் தெரிந்தால், குறிப்பாக ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்தினால், சங்கிலியை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள்.

கேமராவா? இப்போதைக்கு வேண்டாம். அறையில் அவருடன் வேறு யாராவது தங்கியிருந்தால் அவருடைய வாழ்க்கையையும் சேர்த்துப் படம் பிடிக்கிறீர்கள். தனி அறை என்றாலும் உடை மாற்றுவது, சுத்தம் செய்வது எல்லாம் அங்கேதான் நடக்கிறது, அந்தப் பதிவு யாருடைய போனில் இருக்கப் போகிறது, எத்தனை பேர் பார்ப்பார்கள்? குடும்பம் கேமரா வைப்பதைச் சில நாடுகளின் சட்டம் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது, சில இடங்களில் ஒலியைப் பதிவு செய்வது தனிக் குற்றம். கட்டாயம் வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பெரியம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், நிர்வாகத்துக்கு எழுத்தில் சொல்லி, கட்டிலை நோக்காமல் அலமாரியையும் கதவையும் மட்டும் நோக்கி வையுங்கள். வெளிப்படையாக இருக்கிற கேமராவுக்கு ஒரு நன்மை, திருட்டு நடக்காமலே போகலாம். ரகசியக் கேமராவில் திருடன் மாட்டினாலும் நீங்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது "ஏன் ரகசியமாக வைத்தீர்கள்" என்ற கேள்விக்கு.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. பெரிய நகைகள், தேவைக்கு மேல் பணம், சேமிப்புப் பத்திரங்கள், காசோலைப் புத்தகம், அடையாள அட்டைகளின் அசல் இவை எதற்கும் அந்த அறையில் வேலையில்லை, எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது பெரியம்மாவுக்குத் தெரிந்து எடுங்கள், என்னென்ன எடுத்தோம், யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தையும் உங்கள் கையெழுத்தையும் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் அவர் தேடுவார், "திருடிட்டாங்க" என்பார், அந்தத் தடவை நிஜமாகவே எடுத்தது நீங்களாக இருப்பீர்கள். ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிடு என்பதோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டை விட்டுவிட்டு ஒரு அறைக்குள் வந்தவர் அவர். அறுபது வருடமாகப் போட்டிருந்த மோதிரம், கணவரின் கைக்கடிகாரம், படச்சட்டம், கைப்பையில் தன் காசு என்று சொல்லிக்கொள்ள நாலு நோட்டு, இதையெல்லாம் பாதுகாப்பு என்ற பெயரில் பிடுங்கிவிட்டால், திருடன் ஒன்றிரண்டாக எடுத்ததை நாம் மொத்தமாக எடுத்தது போல ஆகிவிடும். தொலைந்தால் தாங்கிக்கொள்ளக்கூடியது எது என்று அவரையே கேளுங்கள். இது தொலைந்தாலும் பரவாயில்லை, என்னோடு இருக்கட்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அசல் சங்கிலிக்குப் பதில் அதே மாதிரி கவரிங் செய்து போடலாமா என்று சிலர் கேட்பார்கள், அவருக்குச் சொல்லிவிட்டுச் செய்தால் தாராளமாகச் செய்யலாம்.

மோதிரம் இருந்தால் அதை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். வயதாக ஆக உடம்பு இளைக்கிறது, விரலும் இளைக்கிறது, சோப்பு போட்டுக் கையைக் கழுவும்போது மோதிரம் தானாகவே வழுக்கிக்கொண்டு போகும். முதியோர் இல்லங்களில் திருட்டு என்று சொல்லப்படுகிற மோதிரங்களில் சில வடிகாலில்தான் இருக்கின்றன. பொற்கொல்லரிடம் கொடுத்து அளவைக் குறைத்துவிடுங்கள்.

இருக்கப்போகிற பொருட்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும், இதைச் சேர்க்கிற அன்றே செய்திருக்க வேண்டும், பரவாயில்லை, இந்த வாரம் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், நகை என்றால் எடையும், கொக்கியும் முத்திரையும் தெரிகிற மாதிரி ஒரு கிட்டத்துப் படமும். போனில் *#06# அழுத்தினால் வருகிற 15 இலக்க எண், காது கேட்கும் கருவியின் வரிசை எண் இவற்றை எழுதுங்கள். பட்டியலில் தேதி போட்டு மேலாளரோ பொறுப்பு நர்ஸோ ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லத்தின் படிவத்தில் பெரும்பாலும் "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி 1" என்றுதான் எழுதுவார்கள், தங்கம் என்று அவர்கள் உறுதி சொல்ல முடியாது என்பதால், அதற்குச் சண்டை போட வேண்டாம், உங்கள் படத்தை அதோடு சேர்த்து இணைத்துவிடுங்கள். புதிதாக ஏதாவது வாங்கிக் கொடுத்தாலும் ஒன்றைத் திரும்ப எடுத்துப் போனாலும் பட்டியலில் ஏற வேண்டும். நீங்கள் ஒவ்வொரு தடவை போகும்போதும் பேசிக்கொண்டே பட்டியலை ஒரு கண் பார்த்துவிட்டு வந்தால், ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரிந்துவிடும், இந்த அறையில் ஒன்று குறைந்தால் அன்றைக்கே கேட்க ஆள் இருக்கிறது என்று. பூட்டிய அலமாரி, கேமரா எதையும் விட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். பூட்டுவதற்கு ஒரு இழுப்பறையும் கேளுங்கள், மாற்றுச் சாவி யாரிடம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பர்ஸில் குறைந்த பணம் பற்றி நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பலர் அப்படித்தான், சின்னத் தொகைக்கு யார் முகத்தைப் பார்த்துக் கேட்பது என்று விட்டுவிடுவார்கள். பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது எண்ணுகிறார்களா என்பதை எடுப்பவர்கள் முதலில் சோதித்துப் பார்ப்பது அந்தச் சின்னத் தொகையில்தான். இனி பணத்தை இல்லத்து அலுவலகத்தில் அவர் பெயரில் ஒரு சிறு செலவுக் கணக்காக வைத்து, எடுக்கும்போதெல்லாம் இருவர் கையெழுத்து, வாங்கியதற்கு ரசீது, மாதம் ஒரு தடவை நீங்கள் பார்ப்பது என்று மாற்றுங்கள். அந்தப் புத்தகத்தைக் காட்டத் தயங்குகிற இல்லம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

வங்கி விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கிலி போனால் சங்கிலி மட்டும் போகும், கையெழுத்து போனால் எல்லாம் போகும். உலக சுகாதார நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் கணக்கில், ஒரு வருடத்துக்குள் பண விஷயத்தில் தாங்கள் சுரண்டப்பட்டதாகச் சொன்ன முதியவர்கள் வெளியில் வாழ்பவர்களில் 6.8 சதவீதம், இல்லங்களில் இருப்பவர்களில் 13.8 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதை இல்லத்து ஊழியர்களின் கணக்கில் மட்டும் எழுத முடியாது, பண மோசடியில் சொந்தக்காரர்களும் பழகியவர்களும் நிறையவே இருக்கிறார்கள். அதனால் பெரியம்மாவின் பெரிய கணக்கைக் கார்டு இல்லாமல் தனியே வைத்துவிட்டு, சிறிய கணக்கு ஒன்றைத் திறந்து அதற்கு மாதாமாதம் ஒரு தொகை தானாகப் போகும்படி செய்யுங்கள், இல்லத்துக் கட்டணம் வங்கியிலிருந்து நேராகவே போகட்டும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வரும் குறுஞ்செய்தி உங்கள் போனுக்கும் வர ஏற்பாடு செய்யுங்கள், வங்கி அனுமதித்தால் இரண்டு பேருக்கு. இதற்கெல்லாம் பெரியம்மாவின் சம்மதம் வேண்டும், அது அவர் பணம்.

பவர் பத்திரம் எழுதி வாங்குவதாக இருந்தால், அவர் தெளிவாக இருக்கும்போதே, வழக்கறிஞர் முன்னால் செய்யுங்கள். பல நாடுகளில் சாதாரண பவர், எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் செல்லாமல் போய்விடும், அதாவது எப்போது தேவையோ அப்போது உதவாது. அந்த நிலையிலும் நீடிக்கிற வகை சில நாடுகளில் தனியாக உண்டு, உங்கள் இடத்தில் என்ன என்று கேளுங்கள். பவர் வாங்குகிறவர் ஒருவர், கணக்கைப் பார்க்கிறவர் வேறொருவர் என்று பிரித்துக்கொள்வது நல்லது, நீங்கள் வாங்கினால் தம்பி பார்க்கட்டும். அப்புறம் இல்லத்து நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள்: எங்கள் இருவரில் ஒருவர் இல்லாமல் பெரியம்மாவிடம் யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைரேகையோ வாங்கக் கூடாது, ஊழியர்கள் அவரிடம் கடனோ அன்பளிப்போ வாங்கக் கூடாது. குழந்தை இல்லாத, கொஞ்சம் சொத்து உள்ள ஒருவருக்குத் திடீரென்று பாசமான புது உறவுகள் முளைப்பார்கள், பார்வையாளர் பதிவேட்டில் புதுப் பெயர் ஒன்று அடிக்கடி வந்தால் யார் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஒன்று விட்டுப்போனது, மருந்து. கடுமையான வலிக்கான மருந்துகள், ஓபியாய்டு வகை, இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் திருடு போகும் பொருட்களில் ஒன்று. பெரியம்மாவுக்கு இப்போது அப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம், பின்னால் கொடுத்தால் நினைவில் வையுங்கள். மருந்து கொடுத்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் வலியில் துடிக்கிறார் என்றால் மாத்திரையை எண்ணச் சொல்லுங்கள். தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பேட்ச் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒன்று, ஒட்டிய தேதியும் நேரமும் எழுதியிருக்கிறார்களா, அது உடம்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி இவையெல்லாம் தொலைவது திருட்டால் மிகக் குறைவு, சாப்பாட்டுத் தட்டோடும் படுக்கை விரிப்போடும் போவதுதான் அதிகம். பெயர் பொறித்துவிடுங்கள், துணிகளுக்கும்.

கடைசியாக, மாற்றலாமா என்று கேட்டீர்கள். உடனே வேண்டாம். மறதி உள்ளவருக்கு இடம் மாறுவது சின்ன விஷயம் இல்லை, பழகிய முகங்களும் கழிப்பறைக்குப் போகிற வழியும் எல்லாமே புதிதாகிவிடும், சிலருக்குக் குழப்பம் கூடிவிடும். புகாரைக் கொடுத்துவிட்டு அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். தேடினார்களா, எழுத்தில் பதில் வந்ததா, நகை கழற்றினால் குறித்து வைக்கும் புத்தகம் ஒன்றை இனிமேலாவது ஆரம்பித்தார்களா, பெரியம்மாவிடம் உட்கார்ந்து பேசினார்களா. இவற்றில் பாதி நடந்தாலும் நான் அங்கேயே இருக்கச் சொல்வேன், சங்கிலி கிடைக்காவிட்டாலும் சரி. எதுவும் நடக்காமல் இரண்டாவது பொருளும் காணாமல் போனால், அல்லது புகாருக்குப் பிறகு அவரைப் பார்த்துக்கொள்ளும் விதத்தில் மாற்றம் தெரிந்தால், மாற்றுங்கள். அப்போது புதிய இல்லத்தைப் பார்க்கப் போகும் முதல் நாளே, "இங்கே ஒருவரின் பொருள் கடைசியாக எப்போது காணாமல் போனது, அப்போது என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். இங்கே அப்படி எதுவும் நடந்ததே இல்லை என்று பட்டென்று சொல்கிறவர்களை விட, யோசித்து, நடந்ததைச் சொல்லி, இப்போது இப்படி மாற்றியிருக்கிறோம் என்று பதிவேட்டை எடுத்துக் காட்டுகிறவர்களிடம் பெரியம்மாவை விடுங்கள்.